துந்திராவில் முளைக்கும் இளமரம் கீழே உள்ள செடிகளை என்ன செய்கிறது?

களுவாஞ்சிக்குடியில் உயர்தர உயிரியல் படிக்கும் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டிருந்தார்: "சேர், எங்கட பாடசாலையில் சுற்றாடல் தினத்துக்கு மரக்கன்று நடுகிறோம். மரம் என்றால் நல்லது என்றுதான் படித்தோம். ஆனால் ஆர்க்டிக் பக்கம் துந்திரா எனப்படும் மரமே இல்லாத குளிர் நிலங்களில் இப்போது கன்றுகள் வருகின்றன, அதனால் துந்திராச் செடிகளுக்கு ஆபத்து என்று வாசித்தேன். ஒரு சின்னக் கன்று அப்படி என்ன செய்துவிடும்? இதை வைத்து இங்கிருந்தே ஒரு செயற்றிட்டம் செய்யலாமா?"

சின்னக் கன்று ஒன்றும் செய்யாது, பிள்ளை. அது சின்னதாக இருக்கும்வரை துந்திராச் செடிகள்தான் அதைப் பாடாய்ப் படுத்துகின்றன. பக்கத்துச் செடிகளையும் குளிர்காலப் பனியின் மேல்மட்டத்தையும் தாண்டிக் கன்று எழும்பிய பிறகுதான் கணக்குத் திரும்புகிறது. அதற்கு இருபது வருடமும் ஆகலாம், நாற்பதும் ஆகலாம். அந்தக் குளிரில் முப்பது வயது மரம் முழங்கால் உயரத்தில் நிற்பது சாதாரணம். நீங்கள் வாசித்த செய்தி இந்த இரண்டு கட்டங்களையும் ஒன்றாகக் குழைத்திருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஜூலை மாதச் சராசரி வெப்பநிலை 10 பாகை செல்சியஸைத் தொடாத இடத்தில் மரம் நிற்பது அரிது என்பது பழைய கணக்கு. இன்றும் ஓரளவு சரியாகத்தான் வருகிறது. ஆனால் அந்த எல்லை எல்லா நாட்டிலும் ஒரே அகலக்கோட்டில் ஓடுவதில்லை. ரஷ்யாவின் தைமிர் குடாநாட்டில் 72 பாகை வடக்கு வரை லார்ச் மரம் நிற்கிறது. கனடாவின் லாப்ரடோர் கரையில், பக்கத்தில் ஓடும் குளிர் நீரோட்டத்தால், ஏறக்குறைய 58 பாகையிலேயே மரம் முடிந்துவிடுகிறது. எல்லையில் நிற்கும் மரமும் இடத்துக்கு இடம் வேறு. அலாஸ்காவில் வெள்ளை ஸ்புரூஸ், லாப்ரடோரில் பெரும்பாலும் கறுப்பு ஸ்புரூஸ், சைபீரியாவில் லார்ச். எண்பதுகளிலிருந்து நம் ஆட்கள் போய் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த நோர்வேயின் ஃபின்மார்க் கரைப்பக்கம் என்றால் மலை பேர்ச். இதில் லார்ச்சும் பேர்ச்சும் குளிர்காலத்தில் இலை கொட்டும், ஸ்புரூஸ் கொட்டாது. இந்த வித்தியாசம் பிறகு தேவைப்படும்.

எல்லைக்கு அப்பால் வெறும் பனிதான் என்று நினைக்க வேண்டாம். கோடையில் போனால் காலடியில் ஒரு குட்டிக் காடே இருக்கும். கணுக்கால் உயரக் குள்ள பேர்ச், நிலத்தோடு படர்ந்த வில்லோ, பஞ்சுப்புல், டிரையாஸ் பூ, குரோபெரி, லிங்கன்பெரி, இவற்றுக்கு இடையே பாசியும் இலைக்கனும் (lichen). (நுளம்பும் உண்டு. மாரி காலத்தில் வாவிக்கரையில் கடி வாங்கி வளர்ந்த எனக்கே வடசுவீடனில் உள்ள அபிஸ்கோ ஜூலை மாதத்தில் தாங்கவில்லை.) குரோபெரியும் லிங்கன்பெரியும் எரிக்கேசியே குடும்பம். ஹோர்ட்டன் சமவெளியில் சுற்றுலா போனபோது நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சிவப்பு ரோடோடென்ட்ரனுக்கு அவை சொந்தக்காரர்.

இந்தச் செடிகள் ஏன் இவ்வளவு குள்ளம்? காற்றுக்குப் பயந்து என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான். வெயில் நாளில் நிலத்தை ஒட்டிய சில சென்ரிமீற்றர் காற்று நன்றாகச் சூடேறும். நெருக்கமாகப் படர்ந்த செடிக்குள் காற்று புகுந்து அந்தச் சூட்டை அள்ளிப் போவதில்லை. அதனால் மேலே ஆள் நிற்கும் உயரத்தில் 8 பாகை இருக்கும்போது, செடியின் இலைப்பக்கம் அதைவிட 10 பாகைக்கு மேல் கூடுதலாக இருக்கலாம். அதாவது அந்தக் குள்ளச் செடி வாழும் காலநிலை வேறு, வானிலை நிலையம் காட்டும் காலநிலை வேறு. மரம் அப்படியில்லை. அது உயர்ந்து நிற்பதால் ஊடே காற்று ஓடி, அதன் வெப்பநிலையைக் காற்றின் வெப்பநிலைக்கே இழுத்துவிடும். போதாததற்குத் தன் நிழலால் தன் வேர் இருக்கும் மண்ணையும் குளிரவைத்துக்கொள்ளும். மர எல்லை ஏன் இருக்கிறது என்பதற்கே இதுதான் முக்கியமான விளக்கங்களில் ஒன்று. மரம் கீழ்ச்செடிகளுக்குச் செய்யும் பெரிய தொல்லையும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது.

சரி, முதற்கட்டம். ஒரு ஸ்புரூஸ் விதை எல்லை தாண்டி துந்திராவில் விழுகிறது என்று வையுங்கள். எல்லை மரங்களின் விதைகளில் பெரும்பகுதி உள்ளே கரு இல்லாத வெறும் கூடு. நல்ல விதை விழுந்தாலும் எங்கே விழுந்தது என்பதில்தான் விதி. வெறும் மண்ணில் முளைத்தால் இலையுதிர் காலத்து இரவுகளில் மண்ணுக்குள் ஊசி ஊசியாகப் பனி வளர்ந்து நாற்றை வேரோடு வெளியே தள்ளிவிடும். தடித்த இலைக்கன் மெத்தையில் முளைத்தால், மெத்தை நனைந்து உப்புவதும் காய்ந்து சுருங்குவதுமாக இருக்க, இளவேர் அறுந்துபோகும். குரோபெரிக்கு நடுவே முளைத்தால் இன்னும் மோசம். அதன் இலையில் பற்றற்றாசின் என்ற ஒரு சேர்வை இருக்கிறது. அது மண்ணில் இறங்கி மற்ற விதைகளின் முளைப்பையும் வேர் வளர்ச்சியையும் அடக்கும். வடசுவீடனில் ஸ்கொட்ஸ் பைன் விதைகளை வைத்து இதைச் சோதித்து உறுதிசெய்திருக்கிறார்கள். ஒரு சாண் உயரச் செடி நாளைய காட்டையே தடுத்து வைத்திருக்கிறது என்பது எனக்கு இப்போதும் பிடித்த விஷயம்.

மறுபக்கம், சில செடிகள் கன்றுக்குத் தாய் போல உதவுகின்றன. லாப்ரடோரில் இறகுப்பாசி மெத்தையில் விழுந்த கறுப்பு ஸ்புரூஸ் விதைகள் நன்றாகப் பிழைத்தன, ஏனென்றால் பாசி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. குள்ள பேர்ச் புதரின் ஓரத்தில் முளைத்தால் காற்றுக்கு மறைப்பு கிடைக்கும், குளிர்காலத்தில் மேலே பனி நிற்கும். அதைவிட முக்கியம், வேர். ஸ்புரூஸ், லார்ச், பேர்ச் எல்லாமே வேரைச் சுற்றி உறைபோலப் படரும் ஒருவகைப் பங்கசின் உதவி இல்லாமல் நைதரசன் எடுக்கச் சிரமப்படும். குள்ள பேர்ச்சும் வில்லோவும் அதே வகைப் பங்கசை வைத்திருக்கின்றன. ஆகவே மரம் வராத இடத்திலும் மரத்துக்கு வேண்டிய பங்கசு தயாராக இருக்கிறது. எரிக்கேசியே செடிகளின் வேர்ப்பங்கசு வேறு ரகம், அது ஸ்புரூஸுக்கு உதவாது. ஆக, ஒரு கன்று பிழைக்குமா சாகுமா என்பதைப் பக்கத்தில் எந்தச் செடி நிற்கிறது என்பதே பெருமளவு தீர்மானிக்கிறது. இந்தக் கட்டத்தில் "கன்றால் துந்திராவுக்கு ஆபத்து" என்று எழுதுவது தலைகீழ்.

இப்போது இரண்டாம் கட்டம். கன்று இடுப்பளவு வந்துவிட்டது. முதலில் மாறுவது நிழல் என்று நினைப்பீர்கள். என் கணக்கில் பனிதான்.

துந்திராவில் பனி நாம் நினைக்கிற அளவு ஆழமாக விழுவதில்லை. விழுந்ததையும் காற்று அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளங்களில் கொட்டும். அந்தத் திறந்த வெளியில் கிளையுள்ள ஒரு பொருள் நின்றால் காற்று வேகம் குறைந்து, அதைச் சுற்றியும் அதன் மறுபுறத்திலும் பனி குவியும். பனி நல்ல காப்பு. மேலே காற்று மைனஸ் 30 பாகையில் இருந்தாலும் ஆழமான பனியின் கீழே மண் அவ்வளவு குளிராது. குளிராத மண்ணில் நுண்ணுயிர்கள் குளிர்காலத்திலும் மெதுவாக வேலை செய்து நைதரசனை விடுவிக்கும். வசந்தத்தில் அந்த நைதரசனை வேகமாக எடுத்து வளரக்கூடியவை பேர்ச்சும் வில்லோவும் புல்லும். உணவு குறைந்த மண்ணில் பொறுமையாக வாழப் பழகிய குரோபெரி, காசியோப்பே போன்றவற்றுக்கு இந்த உரத்தால் பெரிய லாபம் இல்லை. பக்கத்தில் இருப்பவர் உயர்ந்துவிடுவதால் நட்டம்தான். புதர் பனியைப் பிடித்து, பனி மண்ணைச் சூடாக்கி, அந்தச் சூடு புதரை வளர்க்கும் இந்தச் சுழற்சியை அலாஸ்காவில் ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டார்கள். இளமரம் அதே வேலையை இன்னும் உயரத்தில் செய்கிறது.

இன்னொரு விளைவு காலம். குவிந்த பனி உருகத் தாமதமாகும். வளர்ச்சிக்காலமே இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடக்குறைய என்றிருக்கும் இடத்தில் பத்து நாள் தாமதம் என்பது பெரிய வெட்டு. காற்று துடைத்த மேடுகளில் வாழப் பழகிய டிரையாஸுக்கு அது ஆகாது. பனிப்பள்ளத்தில் வாழும் குள்ள வில்லோவுக்கு அது பழகின வாழ்க்கை. அதே சமயம் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கறுத்த கிளைகள் வெயிலை உறிஞ்சி, தண்டைச் சுற்றிய வளையத்தில் மட்டும் பனியைச் சீக்கிரம் உருக்கும். ஆகவே ஒரே கன்றின் தண்டோரத்தில் முந்திய வசந்தம், சற்றுத் தள்ளிப் பிந்திய வசந்தம். அளவுகோலோடு அங்கே குந்தியிருந்து பார்த்தால்தான் இது புரியும். செய்மதிப் படத்தில் தெரியாது.

கோடையில் நிழல் வேலையைத் தொடங்குகிறது. முன்பு சொன்ன அந்தச் சூடான தரைக்காற்றை மரம் பறித்துவிடுகிறது. வெளிச்சம் குறைவதோடு வெப்பமும் குறைகிறது, இரண்டும் சேர்ந்த அடி. மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. வடகிழக்கு சைபீரியாவில் குள்ள பேர்ச்சை வெட்டி அகற்றிய இடங்களில் உறைமண் (வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் அடிமண்) கூடுதல் ஆழத்துக்கு உருகியது. அதாவது புதரின் நிழல் கோடையில் உறைமண்ணைக் காக்கிறது, அதே புதர் பிடிக்கும் பனி குளிர்காலத்தில் அதைச் சூடாக்குகிறது. மொத்தத்தில் எது வெல்லும் என்பது பனியின் ஆழத்தையும் மண்ணின் ஈரத்தையும் பொறுத்தது. யாராவது ஒரே வரியில் பதில் சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலில் விழுவது இலைக்கன். பங்கசும் அல்காவும் கூடி வாழும் இந்த உயிருக்கு வேர் இல்லை, உயர்ந்து ஒளியைத் தேடும் வழியும் இல்லை. மான்பாசி என்று சிலர் அழைக்கும் கிளடோனியா என்ற இலைக்கன் வருடத்துக்குச் சில மில்லிமீற்றர்தான் வளரும். மேலே நிழல் விழுந்து, அதன்மேல் பேர்ச் இலைச்சருகும் படிந்தால் கதை முடிந்தது. இது ரெயின்டீர், கரிபு மான்களின் குளிர்கால உணவு என்பதால் இழப்பு செடியோடு நிற்பதில்லை. பாசிகளில் இரண்டு விதம் உண்டு. வெயில் தாங்கும் வகைகள் பின்வாங்க, நிழல் விரும்பும் இறகுப்பாசிகள் ஸ்புரூஸின் கீழே செழிக்கும். அந்த இறகுப்பாசியில் நைதரசன் பதிக்கும் சயனோபற்றீரியா குடியிருக்கிறது, அதுவும் சுற்றிச்சுற்றி மரத்துக்கே லாபம். பெரிச் செடிகள் உடனே சாவதில்லை. நிழலில் இலையைப் பெரிதாக்கிக்கொண்டு பல காலம் நிற்கும், ஆனால் பூவும் காயும் குறையும். இனங்களை மட்டும் எண்ணுபவர் "செடி இருக்கிறது, பிரச்சினையில்லை" என்று எழுதிவிட்டுப் போவார். பழம் பறிக்கப் போகும் லாப்ரடோரின் இன்யுயிட் பூர்வகுடிப் பெண்ணுக்கு வித்தியாசம் தெரியும்.

சருகு விஷயத்தை நம் கரையிலேயே பார்க்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு சவுக்கு நட்ட கரையோரத் துண்டு ஒன்றுக்குள் போய்க் கீழே பாருங்கள். வெளியே மணலில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் ஓடிக்கொண்டிருக்கும். சவுக்கின் கீழே ஊசிச்சருகு மெத்தை, அதற்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. (ஊசி என்று நாம் சொல்வது சவுக்கின் இலை அல்ல, மெல்லிய கிளை. பரீட்சையில் கேட்டால் அப்படி எழுதுங்கள்.) சவுக்கின் வேரில் நைதரசன் பதிக்கும் பிராங்கியா என்ற பற்றீரியா இருக்கிறது. ஆர்க்டிக்கில் பரவிவரும் ஆல்டர் புதரின் வேரிலும் அதே பேரினம்தான். உரத்தை மண்ணில் சேர்க்கும் மரமும் கீழே உள்ளதை ஒழிக்கலாம் என்பதற்கு இரண்டும் சாட்சி. ஒரு வித்தியாசம்: சவுக்கை நாம் வரிசையாக நெருக்கி நட்டோம். மர எல்லைக்கு அப்பால் கன்றுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகின்றன, ஒவ்வொன்றின் ஆதிக்கமும் தன்னைச் சுற்றி ஓரிரு மீற்றர் அளவில்தான். அவை நெருங்கிச் சேர்ந்தால்தான் துந்திரா காடாகும்.

எவ்வளவு வேகமாக நடக்கிறது? செய்திகள் காட்டும் அளவு ஒரே சீராக இல்லை. 1900க்குப் பிந்திய மாற்றங்களை உலகின் 166 மர எல்லைத் தளங்களில் தொகுத்துப் பார்த்த 2009 ஆய்வில், 52 சதவீதத் தளங்களில் எல்லை முன்னேறியிருந்தது, 1 சதவீதத்தில் மட்டும் பின்வாங்கியிருந்தது, மிச்சமெல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. அதற்கு எதிர்முனையில் அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடர்ப் பக்கம். அங்கே வெள்ளை ஸ்புரூஸ் பத்தாண்டுக்கு 4 கிலோமீற்றருக்கு மேல் வடக்கே நகர்வதாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. 1979இலிருந்து ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்பதை இதோடு சேர்த்து வையுங்கள். சூடு கூடியும் பாதி எல்லைகள் நகரவில்லை என்றால், மேலே சொன்ன விதை, பங்கசு, பாசி, குரோபெரி எல்லாம் சேர்ந்துதான் காரணம். ரெயின்டீரும் காரணம். மேற்குக் கிரீன்லாந்தில் மான்களையும் கஸ்தூரி எருதுகளையும் வேலி போட்டுத் தடுத்துப் பார்த்தார்கள். வேலிக்குள் வெப்பம் கூட்டியபோது புதர்கள் பெருகின. வேலிக்கு வெளியே அந்தப் பெருக்கத்தை மேய்ச்சல் பெருமளவு அமுக்கிவிட்டது.

செடி இனங்களைப் பொறுத்தவரை 2025இல் வந்த ஒரு பெரிய தொகுப்பைச் சொல்ல வேண்டும். கனடா, அலாஸ்கா, ஸ்கண்டிநேவியா முழுக்க 45 தளங்களில் 2,174 சிறு நிலத்துண்டுகளை 1981 முதல் 2022 வரை பார்த்த தரவு அது. மொத்த இன எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்ட துண்டுகளில் இனங்கள் வந்தும் போயும் இருந்தன. சூடு கூடிய இடங்களில் புதியவை சேர்ந்தன, உயர்ந்த புதர் பரவிய இடங்களில் இழப்பு கூடியது. இது புதர் பற்றிய கணக்கு, மரம் பற்றியது அல்ல. ஆனாலும் உயரமான ஒன்று மேலே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் இப்போது கைவசம் இல்லை.

எல்லாம் ஒரே திசையில் போவதாகவும் எண்ண வேண்டாம். 2000களில் ஃபின்மார்க்கின் பேர்ச் காடுகளை அந்துப்பூச்சிப் புழுக்கள் கூட்டமாக வந்து மொட்டையடித்தன. பெரிய பரப்புகளில் மரம் செத்தது. கீழே குரோபெரியும் சேர்ந்து அடிபட, அந்த இடத்தைப் புல் பிடித்தது. மரம் போனதும் பழைய துந்திரா திரும்பி வந்துவிடவில்லை.

"மரம் நல்லதுதானே" என்ற உங்கள் முதல் சந்தேகத்துக்குச் சுருக்கமாக. பனி மூடிய திறந்த துந்திரா தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கறுத்த ஸ்புரூஸ் காடு அதை உறிஞ்சும், குளிர்காலத்தில் இலை கொட்டும் பேர்ச்சும் லார்ச்சும் அதைவிடக் குறைவாக உறிஞ்சும். காபனும் நினைத்தபடி வருவதில்லை. அபிஸ்கோவில் பேர்ச் காட்டையும் பக்கத்துத் துந்திராவையும் ஒப்பிட்ட 2012 ஆய்வில், மரத்தையும் மண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டபோது துந்திராதான் கூடுதல் காபனை வைத்திருந்தது. மர வேர்கள் மண்ணின் நுண்ணுயிர்களைத் தூண்டிவிட, பழைய காபன் காபனீரொட்சைட்டாக வெளியேறுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். உங்கள் பாடசாலை வளவில் நிழல் தரும் ஒரு வேப்பமரத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. தொடர்ந்து நடுங்கள்.

செயற்றிட்டம் செய்யலாம், சவுக்கை வைத்தே. முழங்கால் உயரக் கன்றுகள் நிற்கும் இடம், ஆளுயரம் தாண்டிய மரங்கள் நிற்கும் இடம், மரமே இல்லாத இடம் என்று மூன்றைத் தெரிவுசெய்யுங்கள். கன்றுள்ள இடத்தை விட்டுவிட்டால் நான் மேலே சொன்ன இரண்டு கட்டமும் உங்கள் தரவில் தெரியாது. ஒரு மீற்றர் சதுரச் சட்டம் செய்து, அதற்குள் எந்தெந்தச் செடி, ஒவ்வொன்றும் எத்தனை வீதம் நிலத்தை மூடுகிறது, சருகு எத்தனை சென்ரிமீற்றர், நண்பகலில் மணலின் மேற்பரப்பு வெப்பநிலை என்ன என்று பதியுங்கள். வெளிச்சத்துக்குக் கைத்தொலைபேசிச் செயலி போதும், ஆனால் எல்லா அளவையும் ஒரே போனில் எடுங்கள்.

மாணவர்கள் வழக்கமாகக் கடலில் தொடங்கி உள்ளே நேராக நடந்து அளப்பார்கள். அப்படிச் செய்தால் உப்புத்தூறலும் மணலின் தன்மையும் கூடவே மாறும், செடி குறைந்தது சவுக்காலா உப்பாலா என்று பிரிக்க முடியாது. கடலுக்குச் சமாந்தரமாக, கரையிலிருந்து ஒரே தூரத்தில் நடந்து அளவுங்கள். கச்சான் காலத்தில் ஒருமுறை, மாரி முடிந்து ஒருமுறை எடுத்தால் நல்லது, ஒருபருவச் செடிகள் மழைக்குப் பிறகுதான் தலைகாட்டும். நட்டவர்கள் யார் என்று கேட்டு முதலே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தரவு வந்ததும் அட்டவணையை அனுப்புங்கள், எந்தப் புள்ளிவிபரச் சோதனை பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.